மலைக்கிராமத்தில் காசநோயைத் தேடுவது: கேள்வி பதில்

(காசநோய்த் திட்டத்தில் களப்பணி பார்த்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.)

ஜவ்வாது மலை ஆசிரியர்: முகாமில் "யாருக்கு இருமல்?" என்று கேட்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஊரில் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது சார். நாலு பேர் முன்னால் கேட்டால் யார் சொல்வார்? பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடு மூச்சே விடாது. வீடு வீடாகப் போக வேண்டும், அதுவும் விடியற்காலையில். பிறகு எல்லோரும் காட்டுக்குப் போய்விடுவார்கள். பெரியவர் "அது பீடி இருமல்" என்பார். அதை விட்டுவிட்டு, போன தீபாவளிக்குத் தைத்த சட்டை இப்போது தொளதொளக்கிறதா என்று கேளுங்கள்; உடம்பு இளைத்திருந்தால் தெரிந்துவிடும்.

அப்புறம் சளி டப்பா. பாதிப் பேர் எச்சிலைத் துப்பித் தருவார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: மேலே நுரை, கீழே தண்ணீர் என்றால் எச்சில். கெட்டியாக ஒட்டி நின்றால் சளி. காலையில் வாய் கொப்பளித்து, மூச்சை ஆழ இழுத்து, அடியிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வெட்டவெளியில்.

கிராம செவிலியர்: மூன்று வாரமாக இருமல் உள்ளவருக்கு என்ன செய்வது?

இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை. மருந்துக்கடையில் லிவோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை வாங்க விடாதீர்கள். நோயைக் கொஞ்ச நாள் அமுக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும்.

ஆய்வக நுட்பநர்: அறிகுறி கேட்டு, சளி பார்த்தால் போதும். கையடக்க எக்ஸ்ரே எல்லாம் போட்டோவுக்குப் போஸ் கொடுக்கத்தான்.

இதைச் சும்மா விட முடியாது. 2019–21 தேசிய காசநோய் ஆய்வில் எக்ஸ்ரே எடுக்காமல் இருந்திருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். இருமலே இல்லாதவரிடம் இருமலைக் கேட்டு என்ன பயன்?

ஆய்வக நுட்பநர்: எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தவனுக்கெல்லாம் மாத்திரையா? பழைய தழும்பும் நிழல்தான்.

மாத்திரை என்று நான் எங்கே சொன்னேன்? நிழல் தெரிந்தால் சளி ட்ரூநாட்டுக்கோ சிபிநாட்டுக்கோ போகும்; இரண்டும் சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனைகள். தழும்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர்: ஒரு மாதமாக இருமல், டி.பி.யா?

மேலே செவிலியருக்குச் சொன்னதுதான். கடை மருந்து வேண்டாம்.

தோட்டத் தொழிலாளி: வேப்பம்பட்டைக் கஷாயம் கேட்குமா?

என் துறை இல்லை. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இன்னொருவர்: அப்பாவுக்கு டி.பி. உறுதி. சத்துணவுக்குப் பணம் உண்டா?

மாதம் 1,000 ரூபாய், வங்கிக் கணக்கில் வரும். 2024 நவம்பருக்கு முன் 500 ஆக இருந்தது. ஆனால் நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன்: வீட்டில் இன்னும் எத்தனை பேர்? எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், கைக்குழந்தை முதலில்.

வேறொருவர்: இரண்டு வாரமாக இருமல், கடையில் மாத்திரை கொடுத்தார்...

எந்த மாத்திரை? அட்டையைப் படித்துப் பெயரைச் சொல்லுங்கள்.