டைகர்கேட்: இரட்டை எஞ்சின் கடற்படைச் சண்டை விமானம் (கேள்வி பதில்)

க்ரம்மன் நிறுவனத்தின் ஒற்றை எஞ்சின் சண்டை விமானம் ஹெல்கேட் இருக்கும்போது அதே நிறுவனத்தின் எஃப்7எஃப் டைகர்கேட் எதற்கு, சார்?

அமெரிக்கக் கடற்படை இரண்டுக்கும் ஒரே நாளில், 1941 ஜூன் 30 அன்று ஒப்பந்தம் போட்டது. ஹெல்கேட் அன்றைய விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு. டைகர்கேட் வரப்போகும் 45,000 டன் மிட்வே வகைக் கப்பல்களுக்கு. 18 சிலிண்டர் ஆர்-2800 எஞ்சின் இரண்டு, ஒவ்வொன்றும் 2,100 குதிரைசக்தி. இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், மூக்கில் நான்கு அரை அங்குல இயந்திரத் துப்பாக்கிகள். இரவுச் சண்டை வகையில் மூக்குத் துப்பாக்கிகளை எடுத்துவிட்டு ரேடார் வைத்தார்கள்.

கப்பலில் ஏன் தேறவில்லை?

1944 நவம்பரில் ஷாங்ரி-லா கப்பலில் சோதித்தார்கள். தளத்துக் கம்பியைப் பிடித்து விமானத்தை நிறுத்தும் வால் கொக்கியின் அமைப்பு சரியில்லை. ஒரு எஞ்சின் நின்றால் திசை கட்டுப்படவில்லை. திருத்திய எஃப்7எஃப்-3 வகை பலமாக இறங்கியதில் இறக்கை உடைந்தது. உடலை நன்றாக வலுப்படுத்திய 4என் வகைதான் தேறியது. அதில் செய்ததோ ஒரு டஜன் அளவுதான். மொத்த உற்பத்தி 364.

ஒரு எஞ்சின் நின்றால் இன்னொன்று இருக்கிறதே, ஐயா?

ஆபத்தே அந்த இன்னொன்றால்தான். இடது எஞ்சின் நின்றால் வலது எஞ்சினின் இழுவை மூக்கை இடப்பக்கம் திருப்பும். அதைத் தடுப்பது வாலில் உள்ள சுக்கான். சுக்கானின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: வேகம் பாதியானால் பலம் கால் பங்கு. கப்பலில் இறங்க வரும்போது வேகம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மறுபடி மேலேறலாம் என்று நல்ல எஞ்சினை முழுக்க முடுக்கினால் சுக்கான் தோற்றுவிடும், விமானம் இடப்பக்கம் உருண்டு கவிழும். செய்ய வேண்டியது இது: திசை கைமீறினால் நல்ல எஞ்சினின் விசையைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க வேண்டும். நின்ற எஞ்சினின் விசிறித் தகடுகளைக் காற்றோட்டத்துக்கு இணையாகத் திருப்பினால் இழுவைத் தடை குறையும். சக்கரங்களையும் மடக்க வேண்டும். தளத்தை ஒட்டி வரும்போது தாழ்வதற்கு உயரமே இல்லை, அதுதான் கொடுமை.

பிரிட்டிஷ் கடற்படையின் ஸீ ஹார்னெட்டில் இரு விசிறிகளும் எதிரெதிராகச் சுழலும். டைகர்கேட்டில் இரண்டும் ஒரே பக்கம். என் பார்வையில் ஹார்னெட்டின் ஏற்பாடுதான் சிறந்தது.

போரில் ஏதாவது சாதித்ததா?

1945 ஆகஸ்டில் ஒகினாவா போய்ச் சேரும்போது போர் முடியும் தறுவாய். கொரியப் போரில்தான் உழைத்தது, அதுவும் அமெரிக்க மரைன் படையிடம், தரைத்தளங்களிலிருந்து. 1951-ல் மரைன்களின் 513-ஆம் இரவுப் படை வட கொரியாவின் இரண்டு போ-2 விமானங்களை வீழ்த்தியது. சுலபமான வேட்டை என்று நினைக்காதீர்கள். போ-2 மரமும் துணியும் சேர்ந்த இரட்டை இறக்கை விமானம். ரேடாரில் மங்கலாகத்தான் தெரியும். அது சாதாரணமாகப் பறக்கும் வேகத்துக்கு டைகர்கேட் இறங்கினால் தானே விழுந்துவிடும். பின்னால் நிலைத்து நிற்க முடியாது. நெருங்கும் சில நொடிகளுக்குள் சுட்டுவிட வேண்டும்.

இப்போது எங்கே பார்க்கலாம்?

கலிபோர்னியாவில் காட்டுத்தீ அணைக்க வயிற்றில் தொட்டி கட்டி இவற்றைப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். இன்று மிஞ்சியிருக்கும் சிலவற்றில் பல அப்படித் தப்பியவைதான். அமெரிக்காவில் அருங்காட்சியகங்களில் சில நிற்கின்றன. ஒரு சில இன்னும் பறக்கின்றன.