பஸ் இல்லாமல் கிளினிக் தவறுவதற்கு எந்தக் குறியீடு?

பஸ் இல்லாமல் கிளினிக் தவறுவது போன்றவற்றைப் பேசும் குடும்ப மருத்துவ ஆய்வுச் சுருக்கங்களுக்கு எந்தக் குறியீடு என்று கேட்டிருந்தீர்கள். அவற்றை, ஐசிபிசி-2 என்ற முதல்நிலை மருத்துவ வகைப்பாட்டில் சமூகப் பிரச்சினைகளுக்கான இசட் அத்தியாயத்துக்குள் திணிக்காதீர்கள். நோய்சாராத விஷயங்களுக்கான கியூ குறியீடுகளைப் போடுங்கள். வெருகலில் இருந்து திருகோணமலைக்கு பஸ் கிடைக்காமல் கிளினிக் தவறுகிறது என்று நோயாளியின் பக்கம் நின்று எழுதியிருந்தால் கியூபி, அதாவது நோயாளி சார்ந்த பிரிவு. கிளினிக் நாளை எப்படி மாற்றியமைப்பது என்பதே பேச்சு என்றால் கியூஎஸ், அதாவது மருத்துவ சேவையின் அமைப்பு சார்ந்த பிரிவு. தமிழ் நோயாளியும் சிங்கள மருத்துவரும் பேசிப் புரிந்துகொள்வது பற்றியதை நான் கியூடியில், மருத்துவர் சார்ந்த பிரிவில் வைப்பேன்.

நீங்கள் தடுமாறக் காரணம், ஐசிபிசி-2 நோயாளி சந்திப்பைப் பதியவென்றே செய்யப்பட்டது. அதன் 17 அத்தியாயங்களில் கியூ என்ற எழுத்தே இல்லை. அந்தக் காலி எழுத்தில்தான் பெல்ஜியக் குடும்ப மருத்துவர் மார்க் ஜமூல் குழுவினர் நோய்சாராத விஷயங்களை அடுக்கினார்கள்.

ஒன்று செய்து பாருங்கள்: ஒரே பத்துச் சுருக்கங்களுக்கு நீங்களும் இன்னொருவரும் தனித்தனியாகக் குறியீடு போட்டு ஒப்பிடுங்கள். முரண்படும் இடத்தில் தலைப்பை விட்டுவிட்டு வரைவிலக்கணத்தை வாசியுங்கள். பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆனால் நோயாளியின் பதிவேட்டில் கியூ வேண்டாம். "கிளினிக்கில் மருந்து கிடைக்கவில்லை டொக்டர்" என்று ஒரு அம்மா வந்து சொன்னால் அது இசட்10, அதாவது சுகாதார அமைப்புப் பிரச்சினை என்ற ஐசிபிசி-2 குறியீடுதான்.