"வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்"

கேள்வி: சென்னையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டு முடித்திருக்கிறேன். கோடை விடுமுறையில் ஆறு வார இன்டர்ன்ஷிப்புக்காக, பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்தில் இளைஞர் மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. தினமும் காலை 11 மணிக்கு 'தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும்' வகுப்பு எடுக்க வேண்டும். 40 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், நான்கு பேர்கூட வருவதில்லை. யார் வந்தாலும் வராவிட்டாலும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார் ஒருங்கிணைப்பாளர். வெயில் தாங்கவில்லை. ஒரு வீட்டில் தங்கியிருக்கிறேன். நல்ல மனிதர்கள். வீட்டுக்காரருக்கு பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். அவர் மகள் எனக்குக் குளிக்கக்கூடத் தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிடுவாள். இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தவள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். என் தோழிகள் பெரிய கம்பெனிகளில் உதவித்தொகையோடு பயிற்சி பெறுகிறார்கள். "போதும், கிளம்பி வா" என்கிறார் அப்பா. இளைஞர்களுக்கே அக்கறை இல்லாதபோது நான் இங்கே இருந்து என்ன பயன்? பாதியில் விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: என் பேத்திக்கும் உன் வயதுதான். அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன்.

வெயில், ஆள் வராத வகுப்பு, போட்டோ, தோழிகளின் உதவித்தொகை. கோடை வந்தால் இப்படிக் கடிதங்களும் வந்துவிடும். அவற்றுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. உன் கடிதத்தில் ஒரே ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். "ப்ளஸ் டூ முடித்தவள், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்."

சும்மாவா இருக்கிறாள்? விடியுமுன் குழாயடியில் நிற்பது யார்? நீ சாப்பிட்ட தட்டைக் கழுவுவது யார்? நீ தங்கியிருப்பது தர்மபுரி மாவட்டம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து, பிள்ளைகளின் பல்லில் கறை படிந்து, பெரியவர்களின் எலும்பே வளைந்துபோன பூமி. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் அங்கே பல ஊர்களுக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. அந்த ஊரில் ஒரு பெண் தன் இடுப்பில் சுமந்துவரும் இரண்டு குடத்தை நீ தலையில் ஊற்றிக்கொண்டு, இளைஞர்களுக்கு அக்கறை இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

இளைஞர் என்றால் மீசை முளைத்த பையன்கள் மட்டும்தானா? 17, 18 வயதில், பள்ளி முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் நிற்கும் ஒருத்தி உன் பாய்க்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிறாள். நீ எந்தத் திட்டத்துக்காகப் போனாயோ அந்தத் திட்டமே அவளுக்காகத்தான். ஒருங்கிணைப்பாளர் என்ன சொன்னார் என்பதை எழுதியிருக்கிறாய், அப்பா சொன்னதையும் எழுதியிருக்கிறாய். அவள் பெயர் இல்லை. என்ன குரூப், எவ்வளவு மார்க் என்பதும் இல்லை. மூன்று வாரத்தில் நீ கேட்டிருக்கவே மாட்டாய்.

என் அக்காவும் 'சும்மாதான்' இருந்தாள். 1974இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். எங்கள் வீட்டுத் திண்ணை அறையில் ஓர் ஆசிரியர் இரண்டு வருடம் குடியிருந்தார். அக்கா கையால்தான் சாப்பாடு. மேலே படிக்கிறாயா என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா தட்டியிருக்க மாட்டார், வாத்தியார் வார்த்தைக்கு அவ்வளவு மரியாதை எங்கள் வீட்டில். அப்பா கொடுமைக்காரர் இல்லை. அவருக்கு வழி தெரியாது, தெரிந்தவர் வாய் திறக்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த ஆசிரியரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு வீட்டுச் சோற்றைத் தின்றால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு நாம் கடன்பட்டவர்கள். பல்கலைக்கழகம் உனக்குப் போடும் மதிப்பெண்ணுக்கு முந்திய கடன் இது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளைக் காலை குடத்தை எடுத்துக்கொண்டு நீயும் குழாயடிக்குப் போ. வரிசையில் நிற்கும்போது அவளிடம் கேள், என்ன படிக்க ஆசை என்று. உடனே பதில் வராது. இரண்டு நாள் ஆகட்டும். பிறகு சான்றிதழ்களைப் பார். சாதிச் சான்றிதழ் இருக்கிறதா, வருமானச் சான்றிதழ் எப்போது எடுத்தது, மாற்றுச் சான்றிதழைப் பள்ளியிலிருந்து வாங்கினார்களா? இல்லாததற்கு இ-சேவை மையத்தில் பதிய வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கைமாறி வர நாளாகும். அதனால் இதுதான் முதல் வேலை. அரசு கலைக் கல்லூரிக்கு இணையத்தில்தான் விண்ணப்பம். உன் கையில் இருக்கும் அதே போனில் போட்டுவிடலாம். தேதி முடிந்திருந்தால் தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்கே நேரில் போய்க் காலியிடம் உண்டா என்று கேள். ஆறாவது முதல் ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே விழும். பட்டப்படிப்பு பிடிக்கவில்லையா, பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் அந்தப் பணம் உண்டு. இதையெல்லாம் அவள் டி.வி. செய்தியில் கேட்டிருப்பாள். தனக்கும் அது உண்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஒன்று சொல்கிறேன், கவனமாகக் கேள். எதையும் அவள் அப்பாவுக்குத் தெரியாமல் செய்யாதே. படித்த பெண்கள் ஊருக்குள் போய்ச் செய்கிற தவறு இது. பெற்றவர்களை எதிரியாக நிறுத்திவிட்டு நீ மூன்று வாரத்தில் பஸ் ஏறிவிடுவாய், அந்த வீட்டிலேயே இருந்து ஏச்சு வாங்கப்போகிறவள் அவள். முதலில் அம்மாவிடம் பேசு. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே பேசு. அவர்களுடைய பயம் என்ன தெரியுமா? சாயங்காலம் பஸ் தவறினால் என்ன ஆகும், யார் கூட வருவாள், ஊர் என்ன பேசும் என்பதுதான். அந்தப் பயத்தைக் கிண்டல் செய்யாதே, பதில் வைத்திரு. எந்த பஸ், எத்தனை மணிக்கு, அரசு மாணவியர் விடுதியில் இடம் உண்டா என்று விசாரித்து வை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அம்மாவையும் மகளையும் ஒரு நாள் அந்த பஸ்ஸிலேயே கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போய், வாசலையும் வகுப்பையும் காட்டிவிட்டு வா. அவள் அப்பா பெங்களூரிலிருந்து வரும்போது பேச்சை அந்த அம்மாவே எடுக்கட்டும். நீ பக்கத்தில் இரு, கேட்டால் சொல்.

ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. 18 முடியாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதாகத் தெரிந்தால், சாப்பிட்ட வீடாயிற்றே என்று தயங்காதே. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்.

உன் வகுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை 11 மணிக்கு எந்த வேலைக்காரப் பையன் வருவான்? பாதிப் பேர் திருப்பூரிலும் பெங்களூரிலும் இருப்பார்கள், ஊரில் இருப்பவன் கூலிக்குப் போயிருப்பான். மாரியம்மன் திருவிழாவுக்கு வந்திருப்பவன் மத்தியானம்வரை தூங்குவான். வகுப்பை ராத்திரி ஏழரைக்கு மாற்றித் தரச்சொல்லி ஒருங்கிணைப்பாளரிடம் கேள். தலைமைப் பண்பை ஓரமாக வைத்துவிட்டு, சான்றிதழும் விண்ணப்பமும் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லிப் பார். போட்டோ கேட்டால், இ-சேவை மையத்து வரிசையை எடுத்து அனுப்பு.

பாதியில் விடாதே. உன் அப்பாவிடம் பத்திரிகையில் அப்படிப் போட்டிருக்கிறது என்று சொல்லித் தப்பிக்காதே. இன்னாருடைய மகளுக்கு வருமானச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, வந்ததும் கிளம்புகிறேன் என்று நீயே சொல். ஆறு வாரம் போதாவிட்டால் ஏழாவது வாரமும் இரு. அடுத்த கடிதத்தில் அவள் பெயரையும் மார்க்கையும் எழுது.