வைஃபை இருக்கு, டீவி ஸ்டிக் மட்டும் ஏறுதில்ல

கேள்வி: நான் கம்பஸ் ரெண்டாம் வருசம். ஹொஸ்டல்ல நாங்க நாலு பேர் காசு போட்டு போன் வீடியோவை டீவிக்கு அனுப்புற குரோம்காஸ்ட் ஸ்டிக் ஒண்டு வாங்கினம். கம்பஸ் வைஃபைக்கு யூசர்நேமும் பாஸ்வேர்டும் குடுத்துத்தான் போன் ஏறும், ஸ்டிக்கில யூசர்நேம் கேக்கிற இடமே இல்ல. ஐடி யூனிட்டுக்குப் போய்க் கேட்டா "அது சரிவராது" எண்டு அனுப்பிட்டாங்க. பேசாம சின்ன ரவுட்டர் ஒண்டு வாங்கி ரூமில பூட்டவா?
— மாணவன், களுவாஞ்சிகுடி

பதில்: ரவுட்டர் வேணாம் தம்பி, அதை முதல்ல சொல்லிட்டு மிச்சத்துக்கு வாறன்.

உங்கட போன் ஏறுறது 802.1எக்ஸ் எண்ட முறையில, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி லொகின். நம்ம நாட்டுக் கம்பஸ்களை இணைக்கிற லேர்ன் நெட்வேர்க் மூலமா வாற எடுரோமும், அதாவது ஒரு கம்பஸ் லொகினோட மற்றக் கம்பஸிலயும் ஏறுற வைஃபையும், அதே முறைதான். குரோம்காஸ்ட் வீட்டு வைஃபைக்கெண்டு செஞ்ச சாமான், அதுக்கு ஒரே ஒரு பாஸ்வேர்ட் போதும், யூசர்நேம் கேக்கவே தெரியாது. சில இடத்தில பிரவுசரில பக்கம் ஒண்டு திறந்து லொகின் பண்ணச் சொல்லுவாங்க, பழைய மாதிரி ஸ்டிக்கில பிரவுசரும் இல்ல, அதால அதில அதுவும் நடக்காது.

சரி, எப்படியோ ஏத்திட்டீங்க எண்டு வைப்பம், அப்பயும் போன்ல டீவிக்கு அனுப்புற காஸ்ட் குறி வராது. போன் ஸ்டிக்கைத் தேடுறது எம்டிஎன்எஸ் எண்ட வழியில, 224.0.0.251 எண்ட முகவரிக்கு 5353 போர்ட்டில "இஞ்ச ஆரும் இருக்கீங்களா" எண்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். மீன்காரர் நம்ம தெருவில போடுற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேக்காதே, அதுபோல இந்தச் சத்தமும் ஒரு சப்நெட்டை, அதாவது நெட்வேர்க்கில பிரிச்ச ஒரு பகுதியை, தாண்டாது. ஹொஸ்டல் ஒரு சப்நெட், லைப்ரரி வேறொண்டு. அதோட கம்பஸ்ல க்ளையன்ட் ஐசோலேஷன் போட்டிருப்பாங்க, பக்கத்துக் கட்டில்ல கிடக்கிற லெப்டொப்பைக்கூட உங்கட போன் பார்க்கேலாது. அதைத் தொந்தரவு எண்டு நினைக்காதீங்க, ஒரு ஆள்ட மெஷினில வைரஸ் ஏறினா மற்ற ஆக்கள்ட மெஷினுக்குத் தாவாம இருக்கிறது அதாலதான். குரோம்காஸ்டுக்குத் தனிப் பாஸ்வேர்டும் கிடையாது, ஐசோலேஷன் இல்லாட்டி நீங்க மெட்ச் பார்க்கக்குள்ள மேல்மாடியில ஒராள் தன்ட போன்ல இருந்து நிப்பாட்டிட்டு வேற வீடியோ போடலாம்.

இப்ப ரவுட்டர் கதை. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்டோடொண்டு மோதாத சனல் 1, 6, 11 எண்டு மூண்டுதான். ரூமுக்கு ஒண்டு பூட்டினா கம்பஸ் வைஃபையும் போகும் உங்கடதும் இழுபடும். அதைவிடப் பெரிய பிழை, சுவர்ல இருக்கிற கேபிளைக் கொண்டுபோய் ரவுட்டர்ட வான் துளையில (வெளி இன்டர்நெட் வாற துளை) குத்தாம லான் துளையில (உள்ளுக்க இருக்கிற சாமானுக்குக் குடுக்கிற துளை) குத்திறது. குத்தினா அது தன்பாட்டுக்கு 192.168 எண்டு தொடங்குற அட்ரஸை மாடி முழுக்கப் பங்கிடத் தொடங்கும், தடுப்புப் போடாத இடமெண்டா பின்னேரம் அசைன்மென்ட் அனுப்ப இருக்கிற பிள்ளைகளுக்கு இன்டர்நெட் நிண்டுடும், ஏன் எண்டு ஒருத்தருக்கும் விளங்காது.

ஐடி யூனிட்டுக்குத் திரும்பப் போங்க, ஆனா கேள்வியை மாத்திக் கேளுங்க. "மெக் அட்ரஸைப் பதிஞ்சு இப்படியான சாமானுக்குத் தனி எஸ்எஸ்ஐடி தர ஏலுமா" எண்டு எழுத்தில குடுங்க. மெக் அட்ரஸ் எண்டா ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள தனி இலக்கம், எஸ்எஸ்ஐடி எண்டா வைஃபைட பேர். செட்அப் பண்ணக்குள்ள வைஃபை தெரிவு செய்ற இடத்தில மெக் அட்ரஸை எடுக்கலாம், எழுதிக்கொண்டு போங்க. தனியாப் போகாம ஹொஸ்டல் பிள்ளைகள் சேர்ந்து போனா நல்லம், பத்துப் பேருக்குத் தேவை எண்டு தெரிஞ்சாத்தான் ஆரும் நேரம் ஒதுக்குவாங்க. "சரிவராது" எண்ட ஒரு சொல்லோட பிள்ளைகளைத் திருப்பி அனுப்புறது எனக்குச் சரியாப் படேல்ல, காரணத்தைச் சொன்னா விளங்கிக்கொள்ளுற பிள்ளைகள்தானே.

கேள்வி: லெக்சர் ஹோல்கள்ல காஸ்ட் பண்ற வசதி போடச் சொல்லி எங்கட பிரிவுக்கு வந்திருக்கு. ஐசோலேஷனைக் கழட்டாம செய்ய வழி இருக்கா?
— நெட்வேர்க் உத்தியோகத்தர், சம்மாந்துறை

பதில்: இருக்கு சேர், கழட்டவே வேணாம். ஸ்டிக் எல்லாத்தையும் ஒரு தனி வீலானுக்குள்ள, அதாவது தனியாப் பிரிச்ச நெட்வேர்க்குக்குள்ள, போடுங்க. வைஃபையை நடத்துற கொன்ட்ரோலர்ல, தேடுற சத்தத்தை ஒரு வீலான்ல இருந்து மற்றதுக்குக் கடத்துற எம்டிஎன்எஸ் கேட்வே இருந்தா அதைப் போடலாம், அருபா கொம்பனிச் சாமானில ஏர்குரூப் எண்டு வரும், ஒண்டும் இல்லாட்டி லினக்ஸ் மெஷின் ஒண்டில அதே வேலை செய்ற அவாஹி ரிஃப்ளெக்டர். போன் இருக்கிற வீலான்ல இருந்து ஸ்டிக்குக்கு 8008, 8009 டிசிபி போர்ட்டைத் திறந்து விடுங்க, மறுபக்கம் மூடியே கிடக்கட்டும். ஸ்கிரீன் மிரரிங்கும் வேணுமெண்டா யூடிபி போர்ட்டும் கொஞ்சம் திறக்க வரும்.

ரிஃப்ளெக்டரை மட்டும் கவனமாப் பாவியுங்க. அது கேட்டதை எல்லாம் எல்லா வீலானுக்கும் திருப்பிச் சொல்லும், வைஃபையில மல்டிகாஸ்ட், அதாவது எல்லாருக்கும் போடுற சத்தம், போறது ஆகக் குறைஞ்ச வேகத்தில, அதால நூற்றுக்கணக்கான போன் இருக்கிற இடத்தில அந்தச் சத்தமே வைஃபைட நேரத்தைத் திண்டுடும். கேட்வேயில இடத்தைப் பார்த்து வடிகட்டுற வசதி இருந்தா அந்த ஹோல்ட அக்சஸ் பொயின்ட்டில நிக்கிற ஆளுக்கு அந்த ஹோல்ட ஸ்டிக் மட்டும் தெரியிற மாதிரிச் செய்யலாம். பேரையும் ஹோல் நம்பரோட வையுங்க சேர், எல்லாம் "லிவிங் ரூம் டீவி" எண்டு கிடந்தா லெக்சரர் பக்கத்து ஹோலுக்குப் படம் அனுப்பிடுவார். ஒவ்வொரு ஸ்டிக்கிலயும் மற்ற ஆக்கள்ட போனுக்குக் கொன்ட்ரோல் போற செட்டிங்கை ஓஃப் பண்ணுங்க.

போன்ட மெக் அட்ரஸைப் பதியிறதா இருந்தா இன்னொண்டு. ஆண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 க்குப் பிறகு போன் தன்ட மெக் அட்ரஸை ஒவ்வொரு வைஃபைக்கும் மாத்திக் காட்டும், அந்த நெட்வேர்க்குக்கு அதை ஓஃப் பண்ணச் சொல்லாட்டி பதிஞ்ச இலக்கம் ஒண்டு, வாற இலக்கம் வேறொண்டு.

கேள்வி: மகன் ஹொஸ்டலுக்குப் போறான், டீவி ஸ்டிக் ஒண்டு செகன்ட் ஹேண்டில மலிவா வருது எண்டு கேக்கிறான். வாங்கிக் குடுக்கலாமா?
— தாய் ஒருவர், அக்கரைப்பற்று

பதில்: இப்ப வேணாம் அக்கா. கூகுள் குரோம்காஸ்ட் செய்றதை 2024இல நிப்பாட்டிட்டு. 2025 மார்ச்சில ரெண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் உலகம் முழுக்க வேலை செய்யாமப் போச்சு, உள்ளுக்க இருந்த சேர்ட்டிஃபிகேட் ஒண்டு காலாவதியானதால. பிறகு அப்டேட் அனுப்பித் திருத்தினாங்க, எண்டாலும் பழசுக்குக் காசு போடக்குள்ள இதை யோசியுங்க. அதோட ஹொஸ்டல் வைஃபை விடாட்டி போன் ஹொட்ஸ்பொட்டில பார்ப்பான், 5 எம்பிபிஎஸ்ல ஓடினா ஒரு மணித்தியாலத்துக்கு ரெண்டு ஜீபிக்கு மேல போயிடும், டேட்டா காட் உங்கட கையால போடவேண்டி வரும். லெப்டொப் இருந்தா எச்டிஎம்ஐ கேபிள் ஒண்டு வாங்கிக் குடுங்க, கொமன் ரூம் டீவியில நேரே குத்திப் பார்க்கலாம்.