ரெசல்யூஷனைக் குறைத்ததும் எழுத்து மங்குகிறதா?

தம்பி, ஊரில் நன்றாக ஓடிய ஆன்லைன் கேம் வெளிநாட்டுக்கு வந்ததும் தடுமாறுகிறது, ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளிகளின் எண்ணிக்கையை, 1280×720 ஆக்கினால் சாட் எழுத்தெல்லாம் கலங்கலாகிவிடுகிறது, புது மானிட்டர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் புதிது வாங்கத்தான் கை நீளும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். அதே லேப்டாப், அதே கேம், அதே நண்பர்கள். மாறியது கேமை நடத்தும் சர்வருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் மட்டும்தான். ஒளியிழைக்குள் ஒளியே வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 8,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பக் குறைந்தது 80 மில்லி வினாடி ஆகும். நடைமுறையில் இன்னும் கூடும். கேமில் பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்), எஃப்பிஎஸ் (வினாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) இரண்டையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். எஃப்பிஎஸ் பழையபடியே இருந்து பிங் மட்டும் ஏறியிருந்தால், ரெசல்யூஷனை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை. பழைய அளவுக்கே திரும்பிவிடுங்கள். இரு தரப்புக்கும் நடுவில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் கொஞ்சம் சமாளிக்கலாம்.

எழுத்து மங்குவது வேறு கதை. உங்கள் திரையில் அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. 720 படம் அதில் நிறைய வேண்டுமானால் ஒவ்வொரு புள்ளியும் ஒன்றரை மடங்கு விரிய வேண்டும். அரைப் புள்ளி என்று ஒன்று கிடையாதே! அதனால் பக்கத்து நிறங்களைக் கலந்து ஒப்பேற்றுகிறது. மலையிலும் வானத்திலும் அது கண்ணில் படாது, மெல்லிய கோடுகளாலான எழுத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் சாட் செய்தால் ண-வும் ன-வும் ஒரே சுழிதான்.

எஃப்பிஎஸ்தான் உண்மையிலேயே குறைகிறது என்றால், ரெசல்யூஷனை 1920×1080-லேயே விட்டுவிட்டு, கிராபிக்ஸ் செட்டிங்கில் ரெண்டர் ஸ்கேல் அல்லது ரெசல்யூஷன் ஸ்கேல் என்று இருப்பதைக் குறையுங்கள். 67 சதவீதம் வைத்தால் முப்பரிமாணக் காட்சி மட்டும் ஏறக்குறைய 720-ல் வரையப்படும். பெரும்பாலான கேம்களில் எழுத்தும் மேப்பும் அதன்மேல் முழு அளவில் தனியாக வரும். சிறிதாக வரைந்த காட்சியைத் தெளிவாகப் பெரிதாக்கும் எஃப்எஸ்ஆர், டிஎல்எஸ்எஸ் போன்ற வசதி இருந்தால் இன்னும் நல்லது. அவையும் இதே வழியில்தான் வேலை செய்கின்றன. டிஎல்எஸ்எஸ்-க்கு மட்டும் என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்டு வேண்டும். பழைய கேம், இப்படி எதுவுமே இல்லையா? நிழல், புல், பிரதிபலிப்பு இவற்றைக் குறைத்துப் பாருங்கள். ரெசல்யூஷனில் கை வைப்பது கடைசியாகத்தான்.

அப்புறம், அறையில் இருக்கும் டிவியில் இணைத்து ஆடுவதாகவும் சொன்னீர்கள். டிவியில் சாதாரண டெஸ்க்டாப் எழுத்தே மங்கினால் கேமைக் குறை சொல்லிப் பயனில்லை. பல டிவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிச் சற்றே பெரிதாக்கிக் காட்டும் (இதுதான் ஓவர்ஸ்கேன்), நிறத் தகவலையும் சுருக்கும். அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டை பிசி என்று மாற்றி, ஓவர்ஸ்கேனை நிறுத்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். டிவி வீட்டுக்காரருடையது என்றால், மாற்றும் முன் பழைய செட்டிங்கை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.