கல்லூரிப் பாடங்களை முழுவதும் இணையவழியில் படிப்பவர்களுக்காக மாற்றும்போது மென்பொருள் தேவைகளை எப்படி முடிவு செய்வது?

உங்கள் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல், கணினிப் பயன்பாட்டுப் பாடங்களை முழுவதும் இணையவழியில் நடத்தவிருப்பதாகவும், இதுவரை ஆய்வகத்தில் பயன்படுத்திய மென்பொருள்களையே மாணவர்கள் வீட்டில் நிறுவிக்கொள்ளும்படி சொல்லிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையை நான் எங்கள் துறையில் மூன்று ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அப்படிச் சொல்லிவிடாதீர்கள் என்பதே என் பதில். காரணத்தையும், ஒவ்வொரு பாடத்திலும் நாங்கள் செய்த மாற்றங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆய்வகத்தில் ஒரு மாணவி வந்து உட்காரும்போதே கணினி, மின்சாரம், உரிமம், நிறுவி வைத்த மென்பொருள், ஏதாவது சிக்கினால் எழுந்துவரும் ஆய்வக உதவியாளர் என எல்லாவற்றையும் கல்லூரி அவளுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறது. பாடத்திட்டத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. இருக்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. அதே பாடத்திட்டத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் இணையவழிக்குக் கொண்டுபோகும்போது அந்தச் செலவும் உழைப்பும் முழுவதுமாக அவள் குடும்பத்தின் தலையில் போய் இறங்குகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் இணையவழிப் பாடத்துக்குக் காணொளி, எழுத்துவழிப் பாடம், சுயமதிப்பீடு, கலந்துரையாடல் என்று நான்கு பகுதிகளை வகுத்திருக்கின்றன. அந்த நான்கையும் நாம் ஒழுங்காகத் தயாரித்துவிட்டாலும், மாணவர் எந்தக் கருவியில் உட்கார்ந்து பயிற்சி செய்வார் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

முதல் பருவத்தில் நாங்கள் செய்த தவறு இதுதான். சேர்க்கை முடிந்த பிறகு ஆறு மென்பொருள்களின் பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து, பாதிப் பேருக்கு ஒன்றுகூட நிறுவ முடியவில்லை என்று தெரிந்தது. சிலரிடம் இருந்தது, 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கிய பழைய கணினி. அதில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் சேர்ந்து வந்தது. சிலரிடம் கைப்பேசி மட்டுமே இருந்தது. ஷார்ஜாவில் வேலை பார்த்துக்கொண்டே படித்த ஒருவரிடம் நல்ல கணினி இருந்தும் அது அலுவலகத்துக்குச் சொந்தமானது என்பதால் எதையும் நிறுவ அவருக்கு அனுமதி இல்லை. கணினி இருக்கிறதா என்று விண்ணப்பத்தில் நாங்கள் கேட்டிருந்தோம். எல்லோரும் இருக்கிறது என்றே எழுதியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேறு: அதை வீட்டில் இன்னும் யார் யார் பயன்படுத்துகிறார்கள், நினைவகம் எவ்வளவு, எந்த இயங்குதளம், புதிய மென்பொருளை நிறுவ உங்களுக்கு அனுமதி உண்டா, ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா கிடைக்கிறது. இப்போது சேர்க்கைக்கு முன்பே இவற்றைக் கேட்டுவிடுகிறோம். அண்மைக்கால விண்டோஸ் வேண்டும் என்று எளிதாக எழுதிவிடத் தோன்றும். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் கிடையாது. அந்த ஒரு வரி பலரைப் புதுக் கணினி வாங்கச் சொல்வதற்குச் சமம்.

அதன் பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டோம். இந்த மென்பொருளே பாடமா, அல்லது இதன் வழியாக வேறொன்றைக் கற்பிக்கிறோமா? விடையைப் பொறுத்து வழிகள் முற்றிலும் பிரிந்துபோகின்றன.

சி மொழிப் பாடத்தில் மென்பொருள் வெறும் வாகனம்தான். ஆனால் மிகப் பெரிய வேலை அங்கேதான் காத்திருந்தது. பல கல்லூரிகளைப் போல எங்கள் ஆய்வகத்திலும் சி நிரல்களை எழுதி இயக்க டர்போ சி++ தான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் டாஸ் இயங்குதளத்துக்காக வந்த அந்த 16 பிட் மென்பொருள் இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்காது. டாஸ்பாக்ஸ் என்னும் போலிச்சூழலுக்குள் வைத்தே இயக்க வேண்டும். உதவியாளர் ஒருமுறை செய்து வைத்த ஏற்பாட்டை நாற்பது வீடுகளில் நாற்பது பேர் தனித்தனியே செய்ய வேண்டியிருந்தது. ஆகவே எல்லா இயங்குதளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி என்னும் நிரல் தொகுப்பிக்கு மாறினோம். மாறிய பிறகுதான் எங்கள் பாடமே டர்போ சி-யின் சாயலில் எழுதப்பட்டிருந்தது புரிந்தது. பயிற்சிகளில் பெரும்பாலானவை, திரையைத் துடைப்பதற்கும் ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருப்பதற்கும் கோனியோ என்ற தலைப்புக் கோப்பை நம்பியிருந்தன. வட்டமும் கோடும் வரையும் பயிற்சிகள் கிராஃபிக்ஸ் கோப்பை நம்பியிருந்தன. டர்போ சி-யில் இருந்த வடிவில் இவை இரண்டுமே ஜிசிசியுடன் வருவதில்லை.

இதைவிட ஆழமான சிக்கல் விடைக்குறிப்பில் இருந்தது. டர்போ சி-யில் முழு எண்களுக்கான இன்ட் வகை 2 பைட் என்பதால் அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. 8-இன் காரணியப் பெருக்கம் (1 முதல் 8 வரையான எண்களின் பெருக்கல்) 40320 என்பதால் அங்கே விடை -25216 என்று பிழையாக வரும். அந்தப் பிழையைக் காட்டித்தான் பெரிய எண்களுக்கான லாங் வகை ஏன் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கற்பித்துவந்தோம். ஜிசிசியில் இன்ட் பொதுவாக 4 பைட் என்பதால் 12 வரை சரியான விடை கிடைக்கிறது, 13இல்தான் பிழை தோன்றுகிறது. பழைய குறிப்பைப் பார்த்துத் திருத்திய ஆசிரியர் ஒருவர், தம் கணினியில் வந்த சரியான விடையை எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். அந்த மாணவர் எழுதிய கடிதத்தைப் படித்த பிறகுதான் பயிற்சிகள், குறிப்புகள், வினாத்தாள் அனைத்தையும் வரிவரியாகச் சரிபார்க்க உட்கார்ந்தோம். ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதற்கே போனது. நீங்களும் இந்த வேலையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மென்பொருளை மாற்றினால் பாடக்குறிப்பையும் தேர்வையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வணிகவியலில் டேலி என்னும் கணக்குப்பதிவு மென்பொருளின் கதை நேர் எதிரானது. திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு கணக்கர் வேலைக்குப் போனால் முதல் கேள்வி டேலி தெரியுமா என்பதுதான். அங்கே மென்பொருளே பாடம். வேறொன்றைக் கொடுத்தால் மாணவருக்கு நாம் அநியாயம் செய்தவர்கள் ஆவோம். உரிமம் வாங்காமல் டேலியைக் கல்விப் பயன்முறையில் இலவசமாக இயக்கலாம், ஆனால் அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவுகளைச் செய்ய முடியும். எங்கள் பயிற்சிகளோ ஏப்ரல் 5இல் கொள்முதல், 17இல் விற்பனை, 28இல் வசூல் என்று போகும். முதலில் பயிற்சிகளை அந்தத் தேதிகளுக்குள் அடக்கித் திருத்தினோம். கணக்குத் தலைப்பு உருவாக்குதல், ரசீதுப் பதிவு, ஜிஎஸ்டி, இருப்புநிலைக் குறிப்பு ஆகியவற்றுக்கு அது போதுமானதாக இருந்தது. கடன் தவணை நாள்கள், நிலுவைகளின் வயது, வங்கிச் சரிக்கட்டுதல் போன்றவற்றுக்குத் தேதிதான் உயிர் என்பதால், அவற்றைக் கல்லூரி ஆய்வகத்தின் உரிமம் பெற்ற கணினிகளிலேயே செய்யவைத்தோம். பன்னிரண்டு கணினிகளை மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை தொலைவிலிருந்து இயக்கும்படி திறந்துவைத்து, மாணவர்கள் முன்கூட்டியே நேரம் பதிவு செய்துகொள்ள ஏற்பாடு செய்தோம். டேலி விண்டோஸுக்கான மென்பொருள் என்பதால், லினக்ஸோ மேக்கோ வைத்திருந்தவர்களுக்கும் இதுவே வழியானது. இதற்கு உங்கள் உரிம ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்பதை முதலில் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் வாங்கியிருந்த வேறொரு மென்பொருளின் உரிமம் கல்லூரிக்குச் சொந்தமான கணினிகளுக்கும் கல்லூரி வலையமைப்புக்கும் மட்டுமே செல்லும் என்று பிறகுதான் கண்டோம்.

அது புள்ளியியல் பாடத்துக்கான மென்பொருள். அங்கே எங்களுக்குத் தயக்கம் அதிகம் இருக்கவில்லை. கருதுகோள் சோதனையும் தொடர்புப் போக்கும்தான் பாடம், எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதல்ல. எஸ்பிஎஸ்எஸ் என்னும் கட்டணப் புள்ளியியல் மென்பொருளின் கோப்புகளைத் திறக்கும் பிஎஸ்பிபி, ஜமோவி, ஜாஸ்ப் ஆகிய மூன்றும் இலவசம். மாணவர் எதையும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டு, அட்டவணையின் தோற்றத்துக்கு மதிப்பெண் தருவதை நிறுத்தி, அதை விளக்கி எழுதுவதற்கு மட்டும் தருகிறோம். விரிதாளிலும் இதே நிலைதான். அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் எக்ஸ்லுக்அப் கட்டளை எக்செல் 2019இல் கிடையாது, லிப்ரே ஆபீஸில் 24.8 பதிப்பிலிருந்துதான் உண்டு. அதே வேலைக்கான பழைய விலுக்அப் எல்லாவற்றிலும் உண்டு. பாடக் காணொளியில் நாம் எதைக் காட்டுகிறோம் என்பதே எத்தனை பேரால் பின்தொடர முடியும் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பைத்தான் நிரல்மொழிக்கு எதையும் நிறுவாமல் உலாவியிலேயே இயங்கும் கூகுள் கோலாப் போதும் என்று பலர் சொல்வார்கள். இதில் நான் பாதிதான் உடன்படுகிறேன். கணினியின் வலுவின்மையை அது தீர்த்துவைக்கிறது. ஆனால் இணைப்பு அறுந்தால் வேலையும் நின்றுவிடும், சற்று நேரம் சும்மா விட்டாலே நினைவிலிருந்த மதிப்புகள் போய்விடும். மலையடிவாரத்து ஊர்களிலிருந்து படிப்பவர்களுக்கு இது தினசரி அனுபவம். எனவே இரண்டு வழிகளையும் சமமாகவே கொடுக்கிறோம்: இணைப்பு நன்றாக இருப்பவர்களுக்குக் கோலாப், கணினி இருந்தும் இணைப்பு நம்பத்தகாததாக இருப்பவர்களுக்கு நேரடியாக நிறுவிய பைத்தான். கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் இணைப்பில்லாமலும் இயங்கும் பைட்ராய்டு 3 செயலியைக் கொண்டு முதல் பருவத்தைக் கடந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் கைப்பேசி மட்டும் போதாது என்பதை நான் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுவேன். மூன்றாம் பருவத்தில் கைப்பேசிச் செயலி உருவாக்கம் வரும்போது ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ குறைந்தது 8 ஜிபி நினைவகம் கேட்கிறது. சேரும் நாளிலேயே மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மென்பொருளை நிறுவவும் பழகவும் மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் எங்களுக்குப் பேருதவியாக இருந்தது. லிப்ரே ஆபீஸ், சி போன்ற கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழ் ஒலியுடன் சிறு சிறு காணொளிகள் அங்கே உள்ளன. கற்பவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டே மறுபக்கம் செய்து பார்க்கும்படி அவை அமைந்திருக்கின்றன. எங்கள் சொந்தக் காணொளிகளையும் ஒரு மணி நேர வகுப்புப் பதிவுகளிலிருந்து பத்து நிமிடத் துண்டுகளாக மாற்றினோம். திரையைப் பதிவு செய்வதற்கு முன் எழுத்தின் அளவை இரு மடங்காக்கிக்கொள்ளுங்கள். கணினித் திரையில் தெளிவாகத் தெரியும் நிரல் ஆறு அங்குலக் கைப்பேசியில் எறும்பு வரிசையாகத்தான் தெரியும்.

பார்வையற்ற மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டில் சேர்ந்தபோதுதான் நாங்கள் நினைத்தே பார்க்காத இன்னொன்று தெரிந்தது. அவர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் பயன்படுத்தினார். சுட்டியால் இழுத்துப் போட்டுச் செய்யும் எங்கள் புள்ளியியல் பயிற்சிகள் அவருக்கு முழுவதும் மூடிய கதவாக இருந்தன. அதே கணக்கைப் புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழியில் கட்டளைகளாக எழுதியபோது வகுப்பில் எல்லோருக்கும் முன்பாக முடித்தார். 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த மென்பொருளையும் கட்டாயமாக்கும் முன்பு திரைவாசிப்பானை வைத்துக்கொண்டு அதில் ஒரு பயிற்சியையாவது கண்ணை மூடிச் செய்துபாருங்கள்.

தேர்வைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாடத்துக்கு லினக்ஸ் போதும் என்று சொல்லிவிட்டுத் தேர்வுக்கு மட்டும் விண்டோஸ் தேவைப்படும் கண்காணிப்பு மென்பொருளைக் கொண்டுவந்தால் முன்பு சொன்னதெல்லாம் வீணாகிவிடும். தேர்வின்போது வேறெதையும் திறக்கவிடாத, பலரும் பயன்படுத்தும் சேஃப் எக்ஸாம் பிரவுசர்கூட விண்டோஸ், மேக், ஐபேட், ஐபோன் ஆகியவற்றுக்கே வருகிறது. சென்னை ஐஐடி தன் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பில் வகுப்புகளை இணையத்தில் வைத்துக்கொண்டு, முக்கியத் தேர்வுகளை மையங்களில் நேரில் எழுதவைக்கிறது. எனக்கு அது நேர்மையான வழியாகப் படுகிறது. செய்முறைத் தேர்வில் நாங்கள் ரெக்கார்டு நோட்டை அடியோடு விட்டுவிட்டு, மாணவர் தம் நிரலைத் தாமே விளக்கும் மூன்று நிமிட ஒலிப்பதிவைக் கேட்கிறோம். அதற்கு எந்தக் கைப்பேசியும் போதும்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் பாடத்திட்டக் குழு. பாடத்தின் பெயரிலும் அலகுகளிலும் ஒரு மென்பொருளின் பெயர் அச்சாகியிருந்தால், ஆசிரியர் எவ்வளவு விரும்பினாலும் அதை மாற்ற முடியாது. டேலி போல மென்பொருளே பாடமாக இருக்கும் இடங்களைத் தவிர மற்றெல்லா இடங்களிலும் பெயரை நீக்கி, செய்யத் தெரிந்திருக்க வேண்டிய செயலை எழுதச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். அது நிறைவேறிய பிறகு சேர்க்கைக் கையேட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் தேவையான நினைவகம், இயங்குதளம், தோராயமான மாத டேட்டா, மாணவர் தம் கையிலிருந்து செலவழிக்க வேண்டிய தொகை ஆகியவற்றைத் தனித்தனியே அச்சிடுங்கள். முதல் வாரத்தில் பாடம் எதுவும் நடத்தாமல், மென்பொருளைத் திறந்து ஒரு சிறு கோப்பை உருவாக்கி அனுப்பும் மதிப்பெண்ணில்லாத பயிற்சி ஒன்றை மட்டும் கொடுங்கள். கோப்பு வராத ஒவ்வொருவரையும் அந்த வாரத்துக்குள் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். கடந்த பருவத்தில் எங்களுக்கு வராதவை ஒன்பது கோப்புகள். அவற்றில் ஏழு, ஒரு தொலைபேசி உரையாடலிலேயே வந்து சேர்ந்தன.