தனித்து நிற்கும் புளூஸ் பாடகர்கள்: திருகோணமலையிலிருந்து ஐந்து கேள்விகள்

உவர்மலை: அண்ணை, புளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பாட்டைக் கேட்டுப் பழக்கமில்லை. இசைத்தட்டுக் கம்பனி இல்லாமல் தானாக எழும்பி வந்த பாடகர்களில் யாரிலிருந்து தொடங்கலாம்?

பன்டாஸ்டிக் நீக்ரிட்டோவிலிருந்து தொடங்குங்கோ தம்பி. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரத்துக்காரர். என்.பி.ஆர். என்கிற அமெரிக்க வானொலி 2015இல் நடத்திய டைனி டெஸ்க் இசைப் போட்டியில் வென்றவர். பிறகு சமகால புளூஸ் தொகுப்புக்கான கிராமி விருது மூன்று முறை கிடைத்தது. போட்டிக்கு அவர் அனுப்பியது ஒரு சரக்கு லிஃப்டுக்குள் எடுத்த வீடியோ. அதை முதலில் பாருங்கோ. போன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்போன் போடுங்கோ. ஸ்பீக்கரில் பேஸ் கேளாது, பாட்டின் பாதி போய்விடும்.

நிலாவெளி: எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதே?

அடித்தளம் ஒன்று என்பதால் அப்படித் தோன்றும். ஒரு சுற்றுக்கு 12 பார் (தாளக் கட்டம்), பாருக்கு 4 அடி. ஈ சுருதியில் என்றால் கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஈ 4 பார், ஏ 2, ஈ 2, பி 1, ஏ 1, ஈ 2. முதல் வரியைப் பாடி, அதையே திருப்பிப் பாடி, மூன்றாவது வரியில் முடிச்சை அவிழ்ப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் 4 பார். குரல் பாதியில் நிற்க, மிச்சத்தில் கிற்றார் பதில் சொல்லும். விரல் விட்டு எண்ணிக்கொண்டு மூன்று பாட்டுக் கேளுங்கோ. பாடகருக்குப் பாடகர் எங்கே வேறுபடுகிறார் என்பது அந்தப் பதிலில்தான் பிடிபடும்.

திருகோணமலை நகரம்: நான் சங்கீதம் படித்தவள். காந்தாரம் சுருதி சேராமல் நிற்கிறது. பிழையா?

பிழையே இல்லை அக்கா, புளூஸின் உயிரே அந்த இடம்தான். ச க ம ப நி என்று சுத்த தன்யாசியைப் பாடிப் பாருங்கோ. புளூஸ் கிற்றார்காரர் முதலில் பழகுகிற ஐந்து சுரமும் அவைதான். ஆனால் பின்னால் ஒலிக்கிற கோர்டில் அந்தர காந்தாரம் இருக்கிறது. குரல் சாதாரண காந்தாரத்தில் தொடங்கி மேலே இழுபட்டு, இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும். அந்த உரசலைத் திருத்தினால் பாட்டு செத்துப்போகும். கீபோர்டில் தேடாதீர்கள், அதற்கு அங்கே கட்டை இல்லை. வயலினில் கிடைக்கும்.

சல்லி: கிற்றாரில் ஸ்லைட் (கம்பிமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) வாசித்தால் கரகரக்கிறது. கம்பியும் துருப்பிடிக்கிறது.

அழுத்துகிறீர்கள் தம்பி. கண்ணாடிக் குழாய் கம்பியைத் தொட்டால் போதும். அழுத்தினால் பிரெட்டில், அதாவது கிற்றார்க் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டியில், இடிக்கும். குழாய் பிரெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும், பின்னால் நின்றால் சுரம் இறங்கும். குழாய்க்குப் பின்னால் மற்ற விரல்களைக் கம்பியில் மெல்லச் சாய்த்து வையுங்கோ, அதிர்வு அடங்கும். ஓப்பன் டி என்பது விரல் வைக்காமலே டி கோர்ட் ஒலிக்கிற சுருதி. அதற்கு 6ஆம், 1ஆம் கம்பிகளை ஈயிலிருந்து டிக்கும், 3ஆவதை ஜியிலிருந்து எஃப் ஷார்ப்புக்கும், 2ஆவதை பியிலிருந்து ஏக்கும் இறக்குங்கோ. எல்லாம் இறக்கம்தான், கம்பி அறாது. துருவுக்குக் காரணம் உப்புக்காற்றும் வியர்வையும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடையுங்கோ. கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து கம்பி தாழும், அப்போதும் கரகரக்கும். கிற்றாரைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கோ.

உப்புவெளி: இப்படியான பாடகர்களுக்குக் காசு போய்ச் சேர என்ன வழி?

பாண்ட்காம்ப், பாடகர்களே பாட்டை விற்கிற இணையத்தளம். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 வீதம் எடுக்கும், காசு அனுப்பும் கட்டணம் தனி. வங்கி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவைத் திறந்து வைக்காவிட்டால் அட்டை மறுக்கப்படும். 40 நிமிடத் தொகுப்பு 320 கே.பி.பி.எஸ். எம்பி3யில் 96 எம்பி அளவில் வரும். அந்தப் பக்கத்தில் வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் அவர் வாங்கிய மற்ற எல்லாத் தொகுப்பும் திறக்கும். உங்கள் அடுத்த பாடகர் பெரும்பாலும் அங்கேதான் இருப்பார்.